கணைய நொதித் தூள்: தின்றும் மெலியும் நாய்க்கு இது எடை கூட்டுமா?

கணைய நொதித் தூளைப் பற்றி எழுதும்போது அதன் வாடையை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். டப்பாவைத் திறந்ததும் காய்ந்த இறைச்சியும் சற்றே சிக்கு அடித்த கொழுப்பும் கலந்த ஒரு வாடை எழும். அது கரண்டியில் ஒட்டும், விரலில் ஒட்டும், ஈரமான தீவனத்தில் கலந்து வைத்த சிறிது நேரத்தில் அறை முழுதும் பரவும். பன்றியின் கணையத்தை உலர்த்தி, கொழுப்பு நீக்கிப் பொடித்த வெளிர் பழுப்புத் தூளிடம் வேறு மணத்தை எதிர்பார்ப்பதும் சரியல்ல. இந்தக் குறையைத் தொடக்கத்திலேயே சொல்லி ஒதுக்கிவைப்பதற்குக் காரணம், கணையம் செயலிழந்த நாய்க்கு எடை கூட்டுவதில் இதற்கு ஈடான வேறு பொருளை நான் கண்டதில்லை என்பதுதான். ஆனால் தூளைக் கொட்டிக் கொடுத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவருக்குப் பாதிப் பலனே கிடைக்கும். மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

இது யாருக்குத் தேவை என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. கணையம் இரண்டு வேலை செய்யும் உறுப்பு: இன்சுலின் போன்ற ஹார்மோன்களை இரத்தத்தில் விடுவது ஒன்று, உணவைச் செரிக்கும் நொதிகளைச் சிறுகுடலில் சுரப்பது மற்றொன்று. இரண்டாவது வேலை நின்றுபோவதையே கால்நடை மருத்துவர்கள் சுருக்கமாக ஈபிஐ (கணைய நொதிச் சுரப்புக் குறைபாடு) என்கிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்டு, ரஃப் காலி போன்ற இனங்களில் இளம் வயதிலேயே நொதி சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் இது வருகிறது; வேறு இனங்களில், பெரும்பாலும் வயதான பிறகு, நெடுநாள் கணைய அழற்சியின் முடிவாக வருவதும் உண்டு. சுரக்கும் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காடு போன பின்னரே அறிகுறிகள் வெளியில் தெரியும் என்பதால், நாய் மெலிவது நம் கண்ணில் படும்போது சேதம் ஏறக்குறைய முடிந்திருக்கும். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு தட்டை நக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டு நிற்கும். அப்போது அதன் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் கண்ணாலேயே எண்ணிவிடலாம். மலம் அளவில் மிகுந்து, வெளிர் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, அள்ளினால் கையோடு வராமல் தரையில் இழுபடும். வயிறு எந்நேரமும் கடமுடவென்று சத்தம் போடும். செரிக்காத கொழுப்பும் புரதமும் அப்படியே வெளியேறுவதால், கண் தப்பினால் அது தன் மலத்தையே தின்னப் போகும். இதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுவது கொடுமை. அது பட்டினி கிடக்கிற உடம்பு.

இதே தோற்றத்தைக் குடல் நோய்களும் ஒட்டுண்ணிகளும் தரக்கூடும். ஆகவே டிஎல்ஐ என்னும் இரத்தப் பரிசோதனை ஆகாமல் இந்த டப்பாவை வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. இரவு முழுதும் வெறும் வயிற்றோடு வைத்திருந்து காலையில் எடுக்கும் இரத்தத்தில், கணையத்திலிருந்து கசிகிற டிரிப்சினோஜன் என்னும், புரதம் செரிக்கும் நொதியின் முன்வடிவத்தின் அளவை இது காட்டுகிறது. லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி என்பது நெடுங்காலமாக வழக்கில் இருந்துவரும் எல்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு மாறுவதால், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். யாரோ சொல்லி ஏற்கெனவே தூளைத் தொடங்கிவிட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: வாய்வழியாகப் போகும் நொதி இந்தப் பரிசோதனையின் முடிவை மாற்றுவதில்லை, ஆகவே அதை நிறுத்தாமலே பரிசோதித்துக்கொள்ளலாம்.

இனி டப்பாவுக்கு வருகிறேன். கடையில் அடுக்கி வைத்திருக்கும் இவ்வகைத் தூள்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் என்ற நொதியின் எண்ணைத்தான். நாய்களுக்கென்று நெடுங்காலம் விற்கப்பட்டு வந்த வியோகேஸ், பான்க்ரிசைம் வகைத் தூள்களில் 2.8 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டிக்கு லைப்பேஸ் 71,400, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் 3,88,000, மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸ் 4,60,000 யுஎஸ்பி அலகுகள் (நொதியின் வீரியத்தைக் குறிக்கும் அளவை) என்று அச்சிடுவது வழக்கம். பெயர் தெரியாத ஒரு தூளை எடை போடுவதற்கு இந்த மூன்று எண்களையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். புரோட்டியேஸும் அமைலேஸும் கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும் எடை கூடுவதைத் தீர்மானிப்பது லைப்பேஸ்தான், ஏனெனில் ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கலோரி தருகிறது. புரதமும் மாவுப்பொருளும் 4 கலோரியோடு நின்றுவிடுகின்றன. கொழுப்பு செரிக்காத நாய் எவ்வளவு தின்றாலும் வற்றிக்கொண்டேதான் போகும். அதோடு, மூன்றிலும் மிக எளிதில் கெடுவதும் லைப்பேஸ்தான். இரைப்பையின் அமிலத்தில் பெரும்பகுதி அழிந்து, மிஞ்சுவது மட்டுமே குடலைச் சென்றடைகிறது. அளவு இவ்வளவு தாராளமாக விதிக்கப்படுவதற்கு இந்த இழப்பே காரணம். “ஆறு மடங்கு வீரியம்”, “எட்டு மடங்கு வீரியம்” என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு லைப்பேஸ் அலகைச் சொல்லாமல் விடும் டப்பாவை நான் கையில் எடுப்பதில்லை.

அளவைப் பொறுத்தவரை, உடல் எடையில் 10 கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் ஒவ்வொரு வேளை உணவோடும் தொடங்குவதுதான் பரவலாக ஏற்கப்பட்ட முறை. மலம் சீராகி எடையும் நிலைத்த பிறகு, சிறிது சிறிதாகக் குறைத்து, பலன் குன்றாத மிகக் குறைந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம். இங்கே ஒரு சின்னப் புகார்: டப்பாவுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டியை நம்ப முடியாது. தூள் மிக மெல்லியது என்பதால், தளர்வாக அள்ளினால் ஒரு கனம், பக்கத்தில் தட்டி இறுக்கினால் வேறொரு கனம். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடத் தொடங்கியதும் மலத்தில் நாளுக்கு நாள் தெரிந்த ஏற்ற இறக்கம் நின்றது.

கலக்கும் முறையில் கருத்து வேறுபாடு உண்டு. உலர் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, தூளைத் தூவிப் புரட்டி, 15 முதல் 20 நிமிடம் வெளியில் வைத்திருந்து பிறகு கொடுக்கும்படி பல டப்பாக்களில் எழுதியிருக்கும். ஊற வைப்பதால் செரிமானம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; என் அனுபவத்திலும் எடையைப் பொறுத்தவரை அது பெரிய வேறுபாடு எதையும் தரவில்லை. ஆனாலும் நான் ஊற வைக்கிறேன், வாயை முன்னிட்டு. உலர்ந்த தூள் ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டால் அதிலுள்ள புரோட்டியேஸ் அந்த மெல்லிய தோலையே அரிக்கத் தொடங்கும். சில நாய்களுக்கு வாய்ப்புண்ணும் இரத்தக் கசிவும் வருவது மருத்துவ நூல்களிலேயே பதிவாகியிருக்கிறது. அப்படி வந்தால் தூளை நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைத்து, உணவை நன்றாக ஈரப்படுத்திக் கொடுப்பதே தீர்வு. ஊறும்போது நடப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது: முனை மழுங்காமல் இருந்த தீவன உருண்டைகள் ஓரத்தில் கரைந்து, பளபளப்பான கூழ் கசிந்து, கரண்டியால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் உள்வாங்கும். அதே தீவனம், அதே நீர், தூள் மட்டும் இல்லாமல் இன்னொரு கிண்ணத்தில் வைத்தால், உருண்டைகள் பருத்திருக்குமே தவிர உருக்குலைந்திருக்காது. தூள் உயிரோடு இருக்கிறதா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான், என்றாலும் இது லைப்பேஸின் நிலையைக் காட்டாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நீர் சுடக் கூடாது. கை பொறுக்காத சூட்டில் நொதி செத்துவிடும், கொடுப்பது வெறும் தூளாகிவிடும்.

பலன் எப்போது தெரியும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மலத்தில் சில நாட்களிலேயே தெரியும்: அளவு குறையும், நிறம் பழுப்பாகும், உருவம் கூடும், அந்த எண்ணெய்ப் பிசுக்கு மறையும். எடை அதன் பின்னால்தான் வரும். நன்றாக ஏற்றுக்கொள்ளும் பெரிய நாய்கள் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கூடுவதுண்டு. அதைவிட மெதுவாகக் கூடினாலும், தொடர்ந்து கூடிக்கொண்டிருக்கும்வரை கவலைப்படத் தேவையில்லை. எங்கள் நாயிடம் முதலில் நிரம்பியது இடுப்பெலும்புக்கு இரு பக்கமும் இருந்த பள்ளம்; விலா எலும்புகள் வெகுநாள் பிடிவாதமாக வெளியிலேயே நின்றன. எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலை உணவுக்கு முன் பார்ப்பது போதும். தினமும் நிறுத்துப் பார்த்தால் குடித்த தண்ணீரும் கழிக்காத மலமும் சேர்ந்து நம்மை அலைக்கழிக்கும்.

இந்தத் தூளைக் குறை சொல்லி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: மலம் சரியாகிவிட்டது, எடை மட்டும் ஏறவில்லை. அந்தக் குறையைத் தூளின் மேல் ஏற்றுவதற்கு முன் கோபாலமின், அதாவது வைட்டமின் பி12, எவ்வளவு இருக்கிறது என்று இரத்தத்தில் பார்த்தாக வேண்டும். பி12 சிறுகுடலின் கடைப்பகுதியில் உட்கிரகிக்கப்பட வேண்டுமானால் அதைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒரு புரதம் வேண்டும். மனிதரில் அது இரைப்பையில் சுரக்கிறது, நாயிலோ பெரும்பகுதி கணையத்திலிருந்தே வருகிறது. கணையம் போனால் நொதியோடு இந்தப் புரதமும் போய்விடும். போதாக்குறைக்கு, செரிக்காமல் குடலில் தேங்கும் உணவில் பெருகும் பாக்டீரியாக்கள் இருக்கிற பி12-ஐயும் தின்று தீர்க்கின்றன. நொதித் தூள் இந்தப் பற்றாக்குறையை ஈடு செய்வதில்லை. பி12 வற்றிய நாய்க்குப் பசி குறையும், குடலின் உட்சுவர் நலியும், எடை ஏறாது. வாரம் ஒன்றாக ஆறு ஊசி, ஒரு மாதம் கழித்து மேலும் ஒன்று, அதன் பின் மறுபரிசோதனை என்பது நெடுநாள் வழக்கம். தினமும் மாத்திரையாகக் கொடுத்தாலும் அளவு உயர்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளதால், ஊசிக்கு அஞ்சும் நாய்க்கு அந்த வழியும் உண்டு. எங்கள் நாயின் எடைக்கோடு படுத்தே கிடந்த காலமும் எழுந்த காலமும் பி12 தொடங்கிய நாளில்தான் பிரிகின்றன. ஒரு டப்பாவுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பதா, குறைத்துப் போடுவதா என்பதை அந்த டப்பாவில் இல்லாத ஒரு பொருள் முடிவு செய்கிறது. தயாரிப்பாளர்கள் தங்கள் கைத்தாளில் இதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

உணவு பற்றியும் பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: கொழுப்பு செரிக்காத நோய், ஆகவே கொழுப்பைக் குறை. தூள் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இது பெரும்பாலும் தேவையற்றது, எடை கூட்ட வேண்டிய நாய்க்குத் தடையும் கூட. கலோரியின் பெரிய ஊற்றை நாமே அடைத்ததாக ஆகிவிடும். கணைய அழற்சியும் உடனிருக்கும் நாய்க்கு மட்டும் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். உண்மையில் குறைக்க வேண்டியது நார்ச்சத்தை, ஏனெனில் அது நொதியின் வேலைக்கும் கொழுப்பு உட்கிரகிப்புக்கும் குறுக்கே நிற்கிறது. எளிதில் செரிக்கும் தீவனத்தை, இழந்த எடை மீளும்வரை வழக்கத்தைவிடக் கூடுதலாக, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் தூளின் பலன் முழுமையாகக் கிடைக்கும். நொதி சேராத ஒரு வாய் உணவுகூட வேண்டாம். விருந்தாளி அன்போடு நீட்டும் பிஸ்கட் அடுத்த நாள் மலத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தூள் கலப்பதைவிடக் கடினமான வேலை.

மாற்றுப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமிலத்தைத் தாங்கும் பூச்சுக் கொண்ட மாத்திரைகளும் குளிகைகளும் கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கின்றன. ஆனால் பல நாய்களில் அந்தப் பூச்சு கரைய வேண்டிய இடத்தில் கரைவதில்லை என்பதால், பூச்சில்லாத தூளே முதல் தெரிவாக நீடிக்கிறது. பச்சைக் கணையம் கிடைப்பவர்கள் ஒரு தேக்கரண்டித் தூளுக்கு ஈடாக 30 முதல் 90 கிராம் வரை நறுக்கிக் கொடுக்கலாம், உறைநிலையில் மாதக்கணக்கில் அது வீரியம் இழப்பதில்லை. வாய்ப்புண் தொல்லை உள்ள நாய்களுக்கு அது இதமாகவும் இருக்கலாம். ஆனால் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும், பன்றியினுடையதானால் நாயைக் கொல்லக்கூடிய ஆஜெஸ்கி நோய்க்கும் அஞ்ச வேண்டும். பப்பாளி, அன்னாசி நொதிகள் சேர்த்த “செரிமானக் கலவை”களை இந்த நோய்க்கு வாங்குவது வீண். அவற்றில் இருப்பவை புரதத்தை உடைப்பவை, லைப்பேஸின் இடத்தை அவை நிரப்பா.

தூளைக் கையாள்வதில் டப்பா தயாரிப்பாளர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு எரிச்சல் தருகிறது. இது காற்றில் எளிதாகப் பறக்கும் பொருள். மூச்சில் போனால் தும்மலும் மூச்சிரைப்பும் வரலாம், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது. விரல் நகக்கண்ணில் ஒட்டியதைக் கழுவாமல் விட்டால் அங்கே தோல் எரியும். வாய் அகன்ற டப்பாவில் நிரம்ப அடைத்துக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு துளை மூடி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. ஈரமும் சூடும் இதற்கு எதிரிகள். ஒருமுறை இணையவழி விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய டப்பாவில் உள்மூடி நெகிழ்ந்து, தூள் ஓரத்தில் கட்டிதட்டிப் போயிருந்தது. கொடுத்த சில நாட்களில் மலம் பழைய மஞ்சளுக்குத் திரும்பியது. புகார் எழுதினால், காலாவதித் தேதி வர இன்னும் வெகுகாலம் இருக்கிறதே என்று பதில் வந்தது. காலாவதித் தேதி மூடிய டப்பாவுக்குத்தான் பொருந்தும். சேமித்த வெப்பநிலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அடுப்பின் அருகிலும் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி படும் இடத்திலும் இதை வைக்கவே கூடாது.

எல்லா நாய்க்கும் இது ஒரே அளவில் கைகொடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 178 நாய்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு 60 விழுக்காடு நாய்கள் நன்றாகவும் 17 விழுக்காடு ஓரளவும் பலன் காட்டின. 23 விழுக்காட்டுக்குப் பலன் மிகக் குறைவு. பி12 மிகவும் தாழ்ந்திருந்த நாய்களின் ஆயுள் குறைவாக இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. சரியான தூள், சரியான அளவு, பி12, உணவு எல்லாம் இருந்தும் எடை அசையவில்லை என்றால், குடலில் பெருகிய பாக்டீரியாவுக்கு டைலோசின் போன்ற மருந்து தேவையா, லைப்பேஸைக் காக்க அமிலச் சுரப்பைக் குறைத்துப் பார்க்கலாமா, குடல் நோயோ நீரிழிவோ கூடவே இருக்கிறதா என்று மருத்துவர்தான் படிப்படியாகப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் தூளின் அளவை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதால் நாயின் வாய் புண்ணாவதைத் தவிர வேறு நன்மை இல்லை.

வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டிய பொருள் என்பதால் செலவு உறுத்தத்தான் செய்யும். எடை நிலைத்த பிறகு அளவைக் குறைத்துக்கொண்டதில் ஒரு டப்பா முன்னைவிடக் கணிசமாக அதிக நாள் வருகிறது; பெரிய டப்பா மலிவு என்றாலும், திறந்தபின் வெகுநாள் கிடக்கும் என்றால் அதை வாங்குவதில்லை. பழைய டப்பாவில் ஒரு வாரத்துக்காவது தூள் மிச்சம் இருக்கும்போதே புதியதைத் திறந்துவிடுகிறேன். புதியதன் வீரியம் குறைந்திருந்தால் சில வேளைகளுக்குள் மலம் காட்டிக்கொடுத்துவிடும், அதைத் திருப்பி அனுப்பி வேறொன்று வரும்வரை நாய்க்குப் பழையது இருக்கும்.